வந்தே பாரத்: முதல் முறை ஏறியவர்கள் கேட்கும் கேள்விகள்

உறவினர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதனால் வந்தே பாரத்தில் முதல் முறை போய் வந்தவர்களின் வியப்பும் குறையும், போகப்போகிறவர்களின் ஐயமும் என்னிடமே வந்து சேர்கின்றன. ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். பகலில் உட்கார்ந்து செல்லும் ரயிலைப் பற்றியே பதில்கள். படுக்கை வசதி உள்ள வகை கடைசிக் கேள்வியில் மட்டும் வரும்.

வந்தே பாரத் உண்மையிலேயே புது ரயிலா, பழைய எக்ஸ்பிரஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா?

புது ரயில்தான். வழக்கமான எக்ஸ்பிரஸை முன்னால் ஓர் எஞ்சின் இழுத்துச் செல்கிறது. வந்தே பாரத்தில் தனி எஞ்சினே கிடையாது. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது. ஓட்டும் மோட்டார்கள் பெட்டிகளின் அடியில் பொருத்தப்பட்டிருக்கின்றன. மொத்தப் பெட்டிகளில் பாதி மோட்டார் உள்ளவை. சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் போய் வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அதைத் தொலைதூரப் பயணத்துக்கும் குளிர்சாதன வசதிக்கும் ஏற்றபடி வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

இதன் பிறப்பிடம் சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை. சுதான்ஷு மணி அங்கே பொது மேலாளராக இருந்தபோது, 'ட்ரெயின் 18' என்ற பெயரில் 2018-இல் முதல் ரயில் உருவாயிற்று. 2019 பிப்ரவரியில் அது புதுதில்லி–வாரணாசி தடத்தில் ஓடத் தொடங்கியது. சென்னையில் செய்த ரயில் சென்னையிலிருந்து புறப்படுவதற்கு 2022 நவம்பர் வரை, அதாவது மைசூரு வந்தே பாரத் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 2023 ஏப்ரலில் கோவைக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருநெல்வேலிக்கும், 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும் வந்தது. மதுரை–பெங்களூரு ரயிலும் அதே ஆகஸ்டில்தான் தொடங்கியது.

180 கிலோமீட்டர் வேகம் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே? இதுதானே புல்லட் ரயில்?

புல்லட் ரயில் வேறு. அது மும்பை–அகமதாபாத் இடையே தனக்கென்று தனிப் பாதை போட்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுவதற்காகத் திட்டமிடப்பட்டது. வந்தே பாரத் நம் எல்லா ரயில்களும் ஓடும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. 180 என்பது வடிவமைப்பு வேகம்; பயணிகளுடன் ஓட அனுமதிக்கப்படும் உச்சம் 160. அந்த 160-க்கும் ஏற்ற பாதை தில்லி–ஆக்ரா போன்ற வெகு சில பகுதிகளிலேயே அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாதைகளில் 130-ஐத் தாண்டுவதில்லை. பல பகுதிகளில் அதற்கும் குறைவு.

எனவே உங்கள் கண் ஏமாறவில்லை. உள்ளே இருக்கும் திரையில் 160-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாந்துதான் எழுவார்கள்.

அப்படியானால் நேரம் எப்படி மிச்சமாகிறது?

சென்னை–கோவை 495 கிலோமீட்டர். வந்தே பாரத் அதை 5 மணி 50 நிமிடத்தில் கடக்கும் அட்டவணையுடன் அறிமுகமானது. சராசரி வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். அதே ஊருக்குச் சதாப்தி எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஏழு மணி நேரம். உச்ச வேகம் பெரிதாக மாறாமலே ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நிறுத்தங்கள் குறைவு: சேலம், ஈரோடு, திருப்பூர் என்று மூன்றே இடங்கள். மற்றது, நின்ற ரயில் மீண்டும் வேகம் பிடிக்கும் விதம்.

ஒற்றை எஞ்சின் இழுக்கும் ரயில், நிலையத்தை விட்டு மெல்ல மெல்லத்தான் வேகம் எடுக்கும். இங்கே பாதிப் பெட்டிகளின் சக்கரங்கள் ஒரே நேரத்தில் உந்துவதால், 2022 செப்டம்பருக்குப் பின் வந்த வகை 52 விநாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. பாலத்திலோ பாதை வேலை நடக்கும் இடத்திலோ வேகத்தைக் குறைத்தாலும், இழந்ததை உடனே மீட்டுவிடும். முதல் முறை போகிறவர்கள் வேகமானியைப் பார்ப்பதைவிட, ஒரு நிலையத்திலிருந்து புறப்படும் முதல் நிமிடத்தைக் கவனிக்க வேண்டும் என்பேன். நடைமேடைத் தூண்கள் நகர ஆரம்பித்ததை உணர்ந்து திரும்புவதற்குள் ஊரின் கடைசி லெவல் கிராசிங் போயிருக்கும். இந்த ரயிலின் உண்மையான சிறப்பு அந்த ஒரு நிமிடம்தான்.

ஜன்னல் இருக்கை கேட்டு வாங்கினேன். பாதிச் சுவர்தான் கிடைத்தது. போதாக்குறைக்கு ரயில் பின்னோக்கிப் போனது. ஏன் இப்படி?

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி முழுவதும் ஒரே கறுப்புக் கண்ணாடிப் பட்டையாகத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் இடையே சுவர் உண்டு. இருக்கை வரிசைகளின் இடைவெளியும் ஜன்னல்களின் இடைவெளியும் ஒன்றாக இல்லாததால், சில வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பித்தான் வயல்வெளியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பதிவின்போது ஜன்னலோரம் வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கலாமே தவிர, எந்த ஜன்னல் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை.

திசைக்கு வருவோம். சாதாரண சேர் கார் வகுப்பில் இருக்கைகள் சுழலாதவை. பெட்டியின் ஒரு பாதி ஒரு பக்கம் பார்த்தும், மறு பாதி எதிர்ப்பக்கம் பார்த்தும் பொருத்தப்பட்டிருக்கின்றன; நடுவில் இரண்டும் எதிரெதிராகச் சந்திக்கும் இடத்தில் மேசை இருக்கும். கடைசி நிலையத்தில் ரயிலைத் திருப்புவது கிடையாது, ஓட்டுநர்தான் மறுமுனைக்குப் போகிறார். ஆகவே போகும்போது முன்னோக்கி இருந்த இருக்கை வரும்போது பின்னோக்கி இருக்கும். இருக்கை சுழலாத வரை பாதிப் பேர் பின்னோக்கித்தான் போயாக வேண்டும்.

பலருக்குப் பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறது. பேருந்தில் தலைசுற்றல், குமட்டல் வருபவர்களுக்குப் பழகுவதில்லை. அவர்கள் ஏறியதும் எதிர்ப்பாதியில் இருப்பவரிடம் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பது நல்லது; குடும்பமாக நடு மேசையில் உட்கார விரும்புகிறவர்களும் இருக்கவே செய்கிறார்கள். தனியாகப் போகிறவருக்கோ அந்த நடு மேசை அவ்வளவு சுகமில்லை. முன்பின் தெரியாதவரின் முழங்காலோடு முழங்கால் உரசாமல் ஆறு மணி நேரம் உட்கார்வது ஒரு கலை.

இருக்கை சாய்வதே இல்லை, மெத்தை கட்டை போல இருக்கிறது என்கிறார்களே?

தொடக்க கால ரயில்களைப் பற்றி அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவற்றின் சேர் காரில் முதுகுப்பகுதி பின்னால் சாய்வதற்குப் பதிலாக, உட்காரும் பகுதி முன்னே நகரும். பின்னால் இருப்பவரின் மேல் சாயாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாய்ந்த சுகத்துக்கு விலையாகக் கால் நீட்டும் இடம் குறைந்துவிடும். நெட்டையானவர்கள் அதிகம் நொந்துகொண்டது இதற்காகத்தான்.

பயணிகளின் இந்தக் கருத்துகள் வீண்போகவில்லை. 2023-இல் ஐ.சி.எஃப். 25 திருத்தங்கள் செய்தது. சாய்வுக் கோணம் 17.31 பாகையிலிருந்து 19.37 பாகையாக உயர்ந்தது. மெத்தையின் கடினம் சரிசெய்யப்பட்டது. செல்பேசி மின்னேற்றும் இணைப்பைக் கை எட்டும்படி வைத்தார்கள். இரண்டு பாகை என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும், உட்கார்ந்தால் தெரியும். ஆயினும் இது தூங்கிக்கொண்டே போவதற்கான இருக்கை அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்து போகும் இருக்கை.

காவி நிற ரயில் வேறு, நீல வெள்ளை ரயில் வேறா?

வகை ஒன்றுதான். 2023 செப்டம்பரில் காசர்கோடு–திருவனந்தபுரம் தடத்தில் காவி, சாம்பல் நிறத்தில் முதல் ரயில் வந்தது. மேலே சொன்ன 25 திருத்தங்களும் அதோடு சேர்ந்து வந்ததால், நிறத்தை வைத்தே புதிது, பழையது என்று மக்கள் பிரித்துப் பேசுகிறார்கள். அது முற்றிலும் சரியான அளவுகோல் அல்ல.

எக்ஸிகியூட்டிவ் வகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா?

சேர் காரில் ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு என்று வரிசைக்கு ஐந்து பேர். எக்ஸிகியூட்டிவில் இரண்டும் இரண்டுமாக நான்கு பேர்தான். ஒரு பெட்டிக்கு 78 பேர் உட்காரும் இடத்தில் அங்கே 52 பேர். இருக்கையை 180 பாகை சுழற்றி ரயில் போகும் திசைக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்பதால், பின்னோக்கிப் போகும் தொல்லையும் இல்லை. ஆனால் கட்டணம் சேர் காரைப்போல் இருமடங்கை நெருங்குகிறது. தலைசுற்றல் உள்ளவர், முதுகுவலிக்காரர் என்றால் கொடுக்கலாம். மற்றவர்கள் சேர் காரில் போய்விட்டு, மிச்சப் பணத்தில் திரும்பி வரும் டிக்கெட்டை எடுத்துவிடலாம்.

உள்ளே சத்தமே இல்லை என்கிறார் ஒருவர், ஒரே ஆட்டம் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். பெட்டிகள் இறுக்கமாக இணைக்கப்பட்டு, நடுவே உள்ள வழியும் மூடப்பட்டிருப்பதால், பழைய ரயில் கிளம்பும்போது முதுகில் விழும் அந்த வெட்டியிழுப்பு இங்கே இல்லை. ஜன்னல்கள் திறவாதவை என்பதால் தண்டவாளச் சத்தமும் மட்டுப்படுகிறது. தொடர்ந்து கேட்பது, வேகம் ஏற ஏறச் சுருதி கூடும் ஒரு ரீங்காரம். அது மோட்டார் உள்ள பெட்டிகளில் சற்று அதிகம். ஓட்டுநர் அறையுடன் சேர்ந்த முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் அடியில் மோட்டார் கிடையாது.

பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் பாதையின் குணம். நிலையத்துக்குள் நுழையும்போது தடம் மாறும் இடங்களில் எந்த ரயிலானாலும் அசையும். புது ரயில் என்பதால் அசையவே அசையாது என்று எண்ணி ஏறியவர்களுக்கு அது பெரிதாகத் தெரிகிறது. சூடான காபியை நிலையம் நெருங்கும்போது கையில் வாங்காதீர்கள்.

அம்மாவை ஏற்றிவிட்டு, பையை மேலே வைத்துக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். கதவுகள் தானாக மூடுபவை. எல்லாக் கதவும் மூடினால்தான் ரயில் நகரும். மூடிய பின் உங்களுக்காகத் திறக்கமாட்டார்கள். வண்டி நகரும்போது குதித்து இறங்கும் பழைய வித்தைக்கு இங்கே இடமில்லை. சென்ட்ரலில் கோவை ரயிலில் வழியனுப்ப ஏறியவர், நிறுத்தப் பட்டியலின்படி சேலம் வரை போய்விட்டுத்தான் திரும்ப வேண்டும். அதுவும் டிக்கெட் இல்லாப் பயணமாகவே கருதப்படும். கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் வேறு.

கதவு திறக்கும்போது நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு படி தானாக வெளியே நீளும். முதியவர்கள் அது முழுதாக நீண்டு நின்ற பிறகு காலை வைக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு, இரு முனைப் பெட்டிகளில் நாற்காலியைப் பிணைத்து நிறுத்த இடம் உண்டு. அதனால்தான் அந்தப் பெட்டிகளில் 44 இருக்கைகள் மட்டுமே.

அபாயச் சங்கிலி எங்கே? ஏதாவது ஆனால் என்ன செய்வது?

சங்கிலி இல்லை. அதற்குப் பதிலாக அவசரப் பொத்தானும், பணியாளரோடு பேசும் கருவியும் பெட்டிக்குள் இருக்கின்றன. ஏறியதும் உங்கள் இருக்கைக்கு அருகில் அவை எங்கே என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவறையில் ஒளிந்து புகைபிடிக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், 2023 ஆகஸ்டில் திருப்பதி–செகந்திராபாத் வந்தே பாரத்தில் டிக்கெட் இல்லாத ஒருவர் அதைச் செய்து, தீ எச்சரிக்கை ஒலித்து, ரயிலே நின்றுபோன செய்தியை நினைவில் கொள்ளட்டும்.

சாப்பாடு விமானத்தில் தருவது போல என்றார்கள். எடுத்துக்கொள்ளலாமா, வேண்டாம் என்று சொல்லலாமா?

முன்பதிவின்போதே வேண்டும், வேண்டாம் என்று தெரிவிக்கலாம். வேண்டாம் என்றால் டிக்கெட் கட்டணம் குறையும். பின்னர் பசித்தால், கையிருப்பு இருக்குமானால் ரயிலிலேயே பணம் கொடுத்து வாங்கலாம். குடிநீர் 500 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்று தருகிறார்கள். இன்னொன்று கேட்டால் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பலருக்கு இது தெரியாததால் கேட்பதில்லை.

உணவின் தரம் பற்றி வரும் கருத்துகள் ரயிலுக்கு ரயில் மாறுகின்றன. சூடாக வந்தது என்று மகிழ்ந்தவர்களும், ஆறிப்போய் வந்தது என்று முகம் சுளித்தவர்களும் சம அளவில் இருக்கிறார்கள். வயிறு நுட்பமானவர்கள் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதை யாரும் தடுக்கவில்லை.

பெரிய பெட்டி இரண்டு இருக்கிறது. வைக்க இடம் உண்டா?

சேர் காரில் ஒருவருக்கு 40 கிலோ வரை அனுமதி உண்டு. ஆனால் எடையைவிட உருவம்தான் இங்கே சிக்கல். படுக்கை வசதி ரயிலில் போலக் கீழே தள்ளிவைக்க இடமில்லை. தலைக்கு மேல் உள்ள அடுக்குதான் கதி. கல்யாண வீட்டுச் சாமான்களோடு போகிறவர்கள் வேறு ரயிலைப் பார்ப்பது மேல்.

கைகழுவும் தொட்டியில் தண்ணீர் மேலே தெறிக்கிறதே? கழிவறை எப்படி?

தொட்டி ஆழம் குறைந்ததாக இருந்தது. ஆழமாக்கியதும் அந்த 25 திருத்தங்களில் ஒன்று. கழிவறை வெற்றிட முறையில் இயங்குவது. பொத்தானை அழுத்தியதும் எழும் பெரிய ஓசை குழந்தைகளைப் பயமுறுத்தும். காகிதமோ துணியோ போட்டால் அடைத்துக்கொள்ளும். பயணத்தின் கடைசி மணி நேரத்தில் அது எந்த நிலையில் இருக்கும் என்பது ரயிலின் கையில் இல்லை, நம் கையில்தான் இருக்கிறது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் உண்டா?

இல்லை. ஐந்து வயது நிறையாத குழந்தை தனி இருக்கை இல்லாமல் கட்டணமின்றி வரலாம். ஐந்து வயது முதல் முழுக் கட்டணம். ஏனெனில் உட்கார்ந்து செல்லும் வகுப்புகளில் இருக்கை இல்லாத அரை டிக்கெட் என்ற தெரிவே கிடையாது.

ஆர்.ஏ.சி.யாவது கிடைக்குமா? கடைசி நேரத்தில் டிக்கெட் எடுக்க முடியுமா?

ஒரே இருக்கையை இருவருக்குப் பகிர முடியாது என்பதால் ஆர்.ஏ.சி. இல்லை; உறுதி அல்லது காத்திருப்போர் பட்டியல், இரண்டில் ஒன்று. முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கிறது. கடைசி நேரக்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு: 2025 ஜூலை முதல் தெற்கு ரயில்வேயின் சில வந்தே பாரத் ரயில்களில், காலி இருக்கை இருந்தால், இடையில் உள்ள நிலையங்களிலும் ரயில் வருவதற்கு 15 நிமிடம் முன்பு வரை டிக்கெட் எடுக்கலாம். எழும்பூர்–நாகர்கோவில், மதுரை–பெங்களூரு ரயில்கள் அவற்றில் சேரும்.

மாடு மோதியதும் மூக்கு உடைந்துவிட்டதே? இவ்வளவு பணம் கொட்டிச் செய்த ரயிலின் லட்சணம் இதுதானா?

2022 அக்டோபரில் மும்பை–காந்திநகர் ரயில் எருமைகள் மேல் மோதி முகப்பு சிதைந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அந்த முகப்பு இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆன வெளிமூடி. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்துக்காகவும், மோதலின் அடியைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவும் வைக்கப்பட்டது. உடைந்தால் கழற்றி மாற்றிவிடலாம். ரயிலின் உடற்பகுதி அதற்குப் பின்னால் இருக்கும் எஃகு. கேட்க வேண்டிய கேள்வி, பாதையோரம் ஏன் வேலி இல்லாமல் இருந்தது என்பதுதான்.

இந்த ஒரு ரயிலுக்காகப் பாசஞ்சர் ரயில்களை ஓரங்கட்டி நிறுத்துகிறார்களே, நியாயமா?

இதற்கு நேர்த்தியான பதில் என்னிடம் இல்லை. நேரம் மிச்சமாவது பற்றிச் சொன்னபோது விட்டுவிட்ட மூன்றாவது காரணம் இது: வந்தே பாரத்துக்கு வழிவிட மற்ற ரயில்கள் ஒதுங்குகின்றன. ஒரே பாதையில் வேகமான ரயிலும் மெதுவான ரயிலும் ஓடும்போது, முந்திச் செல்ல ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும். இது சதாப்தி காலத்திலும் இருந்தது. ஆனால் தினமும் வேலைக்குப் போகிறவர் இருபது நிமிடம் வெளிப்புறச் சிக்னலில் நிற்கும்போது, கடந்துபோகும் குளிர்சாதன ரயிலின் அழகை ரசிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதைகளைக் கூட்டாமல் ரயில்களை மட்டும் கூட்டினால் இந்தப் புகார் கூடிக்கொண்டே போகும்.

அம்ரித் பாரத்தும் இதுவும் ஒன்றா?

அல்ல. அம்ரித் பாரத் 2023 டிசம்பரில் வந்தது. குளிர்சாதன வசதி இல்லாதது. இரு முனைகளிலும் எஞ்சின் வைத்து ஒன்று இழுக்க, ஒன்று தள்ள ஓடுவது. படுக்கையும் முன்பதிவில்லாப் பெட்டியும் உள்ள சாமானியர் ரயில் அது.

எழுபது வயது அப்பாவை இதில் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போகலாமா?

எழும்பூரிலிருந்து திருநெல்வேலி 650 கிலோமீட்டர், ஏறத்தாழ எட்டு மணி நேரம்; நாகர்கோவிலுக்கு ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். இருக்கையின் சாய்வு பற்றி மேலே சொன்னதை இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். கோவைக்கோ மதுரைக்கோ போகும் ஆறு மணி நேரத்துக்கு இந்த இருக்கை போதுமானது. அதற்குமேல் இடுப்பு பேச ஆரம்பிக்கும். மணிக்கொரு முறை எழுந்து நடக்க முடிகிறவர் என்றால் தாராளமாகப் போகலாம், நடைவழி நெடுக ரயிலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போக முடியும். கால் வீங்குகிறவர், படுத்தே ஆக வேண்டியவர் என்றால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயில், கீழ்ப் படுக்கை கிடைத்தால், அவருக்கு நிச்சயம் மேலானது.

படுக்கை வசதி உள்ள வந்தே பாரத் 2026 ஜனவரியில் ஹௌரா–காமாக்யா தடத்தில் தொடங்கியிருக்கிறது. அந்த வகை ரயில் நம் தென்மாவட்டத் தடத்துக்கு வரும்வரை நான் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்வது இதுதான்: போகும்போது பகலில் வந்தே பாரத், திரும்பும்போது இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை, இரண்டு டிக்கெட்டுக்கும் முன்பதிவு வெவ்வேறு நாளில் திறக்கும் என்பதால், 60 நாள் கணக்கை நாள்காட்டியில் தனித்தனியே குறித்துக்கொள்கிறேன்.